பூவரசடி மூலை

பாரிஸ்
08.09.2024

அன்புள்ள அக்கா,

இன்று மாதாவின் பிறந்தநாள். பூசை முடிந்து வந்து இதை எழுதக் குந்தியிருக்கிறேன். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவில்லை. நானும் விடாமல் அடித்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். கடிதம் என்றால் எப்படியும் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. பேனா பிடித்துத் தமிழ் எழுதி எத்தனை காலம், கை வலிக்கிறது.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் வேலை செய்கிற உணவகத்தின் சாமான் அறையில், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் நின்று போனில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடப்போகிற நேரம் பார்த்து வீடியோவை நிறுத்தினீர்கள். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் எனக்கு உரிமை இல்லையா? "ஏன் அக்கா நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, அது போகட்டும். வருகிற மாசியில் அம்மாவுக்கு ஆண்டு நினைவு. அதற்கு முன்னால் நம் முன்பள்ளிக்கு அம்மா பெயரில் ஒரு மண்டபம் கட்டிக் கொடுக்க முடிவெடுத்திருக்கிறேன். அம்மாவை ஒருதடவை இங்கே கூப்பிட்டுக் காட்டவென்று சேர்த்து வைத்திருந்த காசுதான். வேறு எதற்கும் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கிருசாந்தி ரீச்சரோடு கதைத்தேன். ஊர்ச் சனம் சேர்ந்து நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒன்று கிடைக்கிறதே என்று அவர் போனிலேயே அழுதுவிட்டார்.

நம் தென்னங்காணியை அம்மா பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தபோது நான் சண்டை பிடித்தேன், ஞாபகம் இருக்கும். பிறகு அந்த முற்றத்தைப் படுக்கையில் விழும்வரை ஒவ்வொரு விடியலிலும் அம்மாவே கூட்டினார் என்று கேள்விப்பட்டபோது என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது. அந்தக் கடனை இப்படியாவது தீர்க்கவேண்டும்.

பூவரச மரத்துக்கு அப்பால் கிழக்கு மூலை வெறுமையாகக் கிடக்கிறதாம். மண்டபம் அங்கேதான் வருகிறது. சதீஸ் மேசன் அளவெடுத்துப் படமும் கீறி அனுப்பிவிட்டான். கல்வெட்டில் அம்மா பெயருக்குக் கீழே நம் மூன்று பேரின் பெயரும் இருக்கும். தங்கச்சி ஜெனிற்றா ஒருநாள் திரும்பி வந்தால் தன் பெயரைத் தானே வாசிக்கவேண்டும்.

அவளைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா? இந்த வருடமும் காணாமல்போனோரைத் தேடும் பிரிவுக்குப் படம் அனுப்பினேன். கிணற்றடிக்குப் போகவே ஆள் துணை கேட்கிற பிள்ளை. எங்கே, யாரோடு இருக்கிறாளோ?

தம்பி
றொமேஸ்


முல்லைத்தீவு
02.10.2024

அன்புள்ள தம்பி றொமேசுக்கு,

உன் கடிதத்தை வங்கிக் கடிதம் என்று நினைத்து அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டேன். மகள் முத்திரையைப் பார்த்துத்தான் எடுத்துத் தந்தாள். பிரான்சில் இருந்து பார்சல் வரும், காசு வரும். கடிதம் வரும் என்று யார் கண்டது?

மண்டபம் நல்ல யோசனை. ஆனால் அந்த மூலையில் வேண்டாம். அது தண்ணி நிற்கிற இடம். மாரியில் முழங்கால் வரைக்கும் நிற்கும். வாசல் படலைப் பக்கம் எவ்வளவோ இடம் கிடக்கிறது. இல்லையென்றால் மண்டபத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மேசை, கதிரை வாங்கிக் கொடு. மலசலகூடத்துக் கதவு பிய்ந்து தொங்குகிறது, அதைச் செய்து கொடு. அம்மாவுக்குத் தன் பெயரைச் சுவரில் பார்க்கிற ஆசை இருந்ததில்லை. கோயில் பலகையில் போடக் கேட்டதற்கே "நான் என்ன செத்தா போனன்?" என்று எரிந்து விழுந்தவர்.

வீடியோவை நிறுத்தியது நான்தான். காரணம் இருக்கிறது. கேட்காதே.

நீ கோபத்தைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். நீ போன் எடுக்கிற காலத்தில் உன் முதல் கேள்வி "ஜெனியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதா?" இரண்டாவது "அம்மா மருந்து குடிச்சவாவோ?" அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால்தான் "நீங்கள் எப்பிடி அக்கா?" இந்தக் கடிதத்தில் அதுவும் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்ததும், குளிப்பாட்டியதும், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் நான். இவர் கடலுக்கும் மகள் படிக்கவும் போய்விட்டால் இந்த வீட்டில் கதைக்க ஒரு சீவன் இல்லை. இருக்கிறவளை யாருக்கும் தேடத் தோன்றுவதில்லை, தம்பி.

அந்த மூலையை மட்டும் விட்டுவிடு. உன்னிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

அக்கா
நிறஞ்சனா


பாரிஸ்
17.10.2024

அக்கா,

தண்ணி நிற்கிற இடம் என்று ஏன் எனக்குப் பொய் சொல்கிறீர்கள்? சதீஸிடம் கேட்டேன். காணியிலேயே மேடான இடம் அதுதான் என்கிறான். ரீச்சரும் அதையே சொல்கிறார். பின்னே ஏன் வேண்டாம்?

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லாமல் விட்டால் மனதுக்குள் கிடந்து அழுகும். அந்தக் காணி உங்கள் மகளின் சீதனத்துக்கு வரவேண்டியது என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் உங்களுக்கு. கட்டிடம் எழும்பிவிட்டால் இனி அது திரும்பாது. அதுதானே?

நீங்கள் எழுதியதை வாசித்து எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக அம்மாவின் பெயரைப் படலையடியில் கொண்டுபோய் வைக்க என்னால் முடியாது. நவம்பர் நாலாம் தேதி திங்கட்கிழமை கயிறு பிடித்து அத்திவாரம் வெட்டச் சொல்லிவிட்டேன். மழை இறுகுவதற்குள் நிலமட்டத்துக்கு வந்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். ரீச்சர் ஒரு வீடியோ அனுப்பினார், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பூவரசடிக்கு வரும்போது எல்லாப் பிள்ளையும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு ஓடுகிறது. நேரே ஓடினால் கிட்ட, ஆனால் ஒன்றுகூட அந்த மூலைக்குள் கால் வைக்கவில்லை. அங்கே கயிறும் இல்லை, வேலியும் இல்லை. வீடியோ முடிகிற இடத்தில் முற்றம் கூட்டுகிற சத்தம் வேறு கேட்கிறது. ஈர்க்கு விளக்குமாற்றின் சத்தம். அம்மா கூட்டுகிற அதே மாதிரி, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஆனால் அங்கே ஆளைக் காணவில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த மூலையில் என்ன இருக்கிறது, அக்கா?

றொமேஸ்


முல்லைத்தீவு
03.11.2024

என் அன்புத் தம்பிக்கு,

பக்கத்து வீட்டுப் பிரேமிளாவின் புருஷன் நாளை மறுநாள் பாரிசுக்குப் பறக்கிறான். இதை அவன் கையில் கொடுத்து விடுகிறேன். இதை வாசிக்கும்போது தனியாக இருக்காதே. கதிரையில் உட்கார்ந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்ன பிறகு நீ எப்படி விழுந்து கிடப்பாய் என்று பார்க்க எனக்குக் கண் எட்டாது.

நேற்று ஆத்துமாக்களின் திருநாள். சேமக்காலையில் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். அம்மா உயிரோடு இருந்த காலத்திலும் ஒவ்வொரு வருடமும் ஒரு திரி கூடுதலாக வாங்குவார். அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார். பூவரசடி மூலையில் கொளுத்திவிட்டு அது எரிந்து முடியும்வரைக்கும் பக்கத்தில் இருப்பார். நேற்று நான் போய் இருந்தேன்.

ஜெனிற்றா அங்கேதான் இருக்கிறாள், தம்பி.

2009 சித்திரை. நம் தென்னங்காணி முழுக்க இடம்பெயர்ந்த சனத்தின் தறப்பாள் கொட்டில்கள். நாங்கள் மூன்று பேரும் கிழக்கு மூலையில் வெட்டிய பங்கருக்குள் இருந்தோம். எறிகணை ஒன்று தென்னையில் பட்டு வெடித்தது. புகை அடங்கிப் பார்த்தபோது அவள் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் காயம். முகத்தில் ஒன்றுமில்லை. நித்திரை என்றுதான் நான் நினைத்தேன். அம்மா தன் கூறைச் சேலையை எடுத்துச் சுற்றினார். இருந்த பங்கரையே இரண்டு பேருமாக மூடினோம். செபம் சொல்லக்கூட அவகாசம் இல்லை. வேலியில் நின்ற பூவரசங் கதியால் தடி ஒன்றை முறித்து அம்மா தலைமாட்டில் நட்டார். தழைக்கும் என்று நடவில்லை, இடம் தெரியவேண்டும் என்று நட்டார். மீளக் குடியேற வந்தபோது தென்னைகள் தலையில்லாமல் நின்றன. அந்தக் கதியால் மட்டும் தழைத்து நின்றது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். செட்டிகுளம் முகாமில் யாரோ ஒருவருடைய போனை வாங்கி அம்மா பாரிசில் இருந்த உன்னோடு முதல்முதல் கதைத்தார். "ஜெனி எங்கயம்மா?" என்று நீ கத்தினது எனக்கும் கேட்டது. அம்மாவின் வாய் தானாகச் சொன்னது: "காணேல்ல மோனை, தேடுறம்." நீ உடனே "அழாதேங்கோ, நான் தேடுறன்" என்றாய். அவ்வளவுதான். பிறகு எத்தனையோ தடவை சொல்லப் போய் அம்மா போனைக் கீழே வைத்திருக்கிறார். "அவன் தேடுறவரைக்கும் வீட்டை மறக்கமாட்டான், பிள்ளை. விடு" என்பார். அது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இன்னொரு பயமும் இருந்தது. வேறு இடங்களில் நிலம் வெட்டப்போய் எலும்பு வந்து, கோர்ட்டும் பொலிசும் வந்து, இலக்கம் போட்டுப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். "என்ர பிள்ளையை ஒரு இலக்கமா எடுத்துக்கொண்டு போக விடமாட்டன்" என்று அம்மா சத்தியம் வாங்கினார். காணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததும் அவளுக்காகத்தான். தனிய இருக்கப் பயந்த பிள்ளை. பகல் முழுக்கப் பிள்ளைகளின் சத்தம் கேட்கவேண்டும் என்று கொடுத்தார். நீ புண்ணியம் என்று நினைத்துக் கடன் தீர்க்க வெளிக்கிட்டாய். அது ஒரு தாய் தன் பிள்ளைக்குத் துணை தேடிக் கொடுத்தது.

பெட்டி மூட முன் அந்த மூலை மண்ணில் ஒரு பிடி எடுத்து அம்மாவின் கைக்குள் வைத்தேன். நீ பார்த்தால் என்ன மண் என்று கேட்பாய். அதுதான் நிறுத்தினேன்.

வீடியோவில் நீ கேட்ட சத்தம் நான்தான். இப்போது நான் கூட்டுகிறேன். மதிலுக்குப் பின்பக்கம் நின்றிருப்பேன். அம்மா கூட்டுவதைப் பார்த்துப் பழகிய கை, வேறு எப்படி இழுக்கும்?

பிள்ளைகள் ஏன் சுற்றி ஓடுகிறார்கள் என்று எனக்கும் தெரியாது. 

நாளைக்குச் சதீஸ் கயிறு பிடிக்க வருவான். அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்து மூளை கலங்கிவிட்டது. வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மூலையில் போட்டு இருக்கப்போகிறேன். விசர் என்று சொன்னால் சொல்லட்டும்.

சீதனக் கதையை நான் மறக்கமாட்டேன். ஆனால் மன்னித்துவிட்டேன்.

அக்கா


பாரிஸ்
11.11.2024

அக்கா,

சதீஸுக்குப் போன் எடுத்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "நிறஞ்சனாக்கா எப்பவோ நிப்பாட்டிப்போட்டா, அண்ணை" என்றான்.

உங்களுக்கு எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

நான் இவ்வளவு காலமும் யாரைத் தேடினேன்? ரயிலில், சந்தையில், யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவில், அவளுடைய நாடியும் நெற்றியும் எங்காவது தெரியாதா என்று பார்த்தேன். ஒருதடவை ஒரு பெண்ணின் பின்னால் இரண்டு தெரு நடந்து பொலிசில் பிடிபடப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் நத்தார்ப் பெருநாளுக்கு அவளுக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், அக்கா. வளர்ந்திருப்பாள், வளர்ந்திருப்பாள் என்று அளவைக் கூட்டிக் கூட்டி வாங்கினேன். ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது. அவள் வளரவேயில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டு இருந்தீர்கள்.

அம்மா மேல் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவர் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஒன்று மட்டும் தீர்மானமாகச் சொல்கிறேன். அவள் அங்கே கிடக்கக்கூடாது. குழி என்றும் சொல்ல முடியாத குழி. சிலுவை இல்லை, பூசை இல்லை, மேலே யாரோ வீட்டுப் பிள்ளைகள். பாதரோடு கதையுங்கோ. அம்மாவுக்குப் பக்கத்தில் சேமக்காலையில் முறையாக வைப்போம். யார் வந்து எண்ணினாலும் எண்ணட்டும். மண்டபமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நான் தேடியதற்கு அவளுடைய பெயர் எழுதிய ஒரு கல்லாவது எனக்கு வேண்டும்.

றொமேஸ்


முல்லைத்தீவு
01.12.2024

அன்புத் தம்பிக்கு,

பத்து நாளாக விடாத மழை. ஊரெல்லாம் வெள்ளம், நந்திக்கடல் றோட்டுக்கு மேலால் போகிறது. பூவரசடி மூலையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி நிற்கவில்லை. என் பொய்யை மாதாவே பிடித்துக் கொடுத்துவிட்டா.

பாதரோடு கதைத்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் இருந்து சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "தம்பியும் நீங்களும் ஒரு மனமா என்ன முடிவெடுத்தாலும் நான் வந்து செபிப்பன்" என்றார். ஆகவே முடிவு உன் கையில். எடுக்கத்தான் வேண்டும் என்றால் முதல் மண்வெட்டி நான் போடுகிறேன், வேறு யாரையும் தொடவிட மாட்டேன்.

ஆனால் அதற்கு முன் நான் கதிரை போட்டு இருந்த அன்றைக்கு நடந்ததைக் கேள். 

சதீஸ் வந்தான், பார்த்தான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். நான் அப்படியே இருந்தேன். பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி கொடுக்கிற நேரம் வந்தது. வரிசையில் இருந்து ஒரு சின்னப் பெட்டை, அம்மா போன பிறகு சேர்ந்தவள், இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தாள். எனக்குத் தருகிறாள் என்று கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்ப் பூவரசின் வேரடியில் வைத்தாள்.

"ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"நித்திரை கொள்ளுற அக்காக்கு" என்றாள். "நீங்கள் காலை எடுங்கோ. அக்கான்ர தலையணை அதில."

என் கால் வேரின்மேல் இருந்தது.

"எந்த அக்கா? ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். அவாக்குத் தனிய இருக்கப் பயமாம். அதுதான் நாங்கள் வாறனாங்கள்."

கிருசாந்தி ரீச்சரைப் பிடித்துக் கேட்டேன். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றச் சொல்வாராம். "அம்மாக்கு வேணுமாக்கும் எண்டு நான் ஊத்துவன், அக்கா. அவா செத்தாப்போலயும் பிள்ளையள் ஒரு கோப்பை கேட்டு வாங்குதுகள். என்னவோ விளையாட்டெண்டு விட்டிட்டன்" என்றார். அம்மா முதல் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அடுத்த பிள்ளைகளுக்கு, அவர்கள் அதற்கடுத்த பிள்ளைகளுக்கு. இந்தப் பெட்டை அம்மாவின் முகத்தையே கண்டதில்லை.

உன்னிடமும் ஊரிடமும் மறைத்த கதையை அம்மா பாலர்களிடம் சொல்லியிருக்கிறார், தம்பி. அவர்கள் அதை யாருக்கும் விற்கவில்லை. பயப்படவும் இல்லை. நான்தான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

சேமக்காலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நல்ல இடம். ஆனால் ஞாயிறு தவிர அங்கே யாரும் வருவதில்லை. அதையும் யோசி.

அக்கா


பாரிஸ்
06.01.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் என்று ரீச்சர் சொன்னார், குறைந்ததா? வெள்ளத்தில் வலை ஏதும் போனதா? அத்தானிடம் கேட்டு எழுதுங்கோ. இனி நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். போனை எடுத்தால் வாயாலேயே கேட்பேன்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நத்தார் முழுக்கத் திரிந்தேன். இந்த வருடம் சட்டை வாங்கவில்லை. கடைவாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து அழுதேன். நன்றாக அழுதேன். இவ்வளவு காலமும் அவளுக்காக நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவளை எழுப்பவேண்டாம், அக்கா. பாதர் வந்து அந்த இடத்திலேயே செபிக்கட்டும். கல்லும் வேண்டாம். தலையணை இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கும்போது கல் எதற்கு?

மண்டபக் காசை ரீச்சரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பெயரால் ஒவ்வொரு நாளும் இலைக்கஞ்சி. பால் விட்டு, சக்கரைத் துண்டோடு. பெயர்ப்பலகை தேவையில்லை. மலசலகூடத்துக் கதவையும் சதீஸ் போட்டுத் தருவான்.

மாசியில் வருகிறேன். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நான் நிற்கிற நாட்களில் விளக்குமாற்றை நீங்கள் தொடக்கூடாது. சட்டைப் பெட்டியையும் கொண்டுவருகிறேன். கடைசியாக வாங்கியவை உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். மற்றவற்றை என்ன செய்வதென்று இரண்டு பேரும் இருந்து யோசிப்போம்.

இன்று காலை தேடும் பிரிவுக்குப் போன் எடுத்தேன், ஜெனிற்றாவின் பெயரை எடுத்துவிடச் சொல்ல. என் குரலை அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோசம். "தங்கையைக் கண்டுபிடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"எங்கே இருக்கிறாள்?"

"பள்ளிக்கூடத்தில்" என்றேன்.

அவள் வாழ்த்துச் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ரீச்சரிடம் சொல்லுங்கோ அக்கா, ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றச் சொல்லி.

உங்கள் தம்பி
றொமேஸ்